சுவரில் இருந்த தாத்தா

எங்கள் வீட்டில் அத்தையைப் பற்றிய பேச்சு எழுந்தது மிகவும் குறைவு. எழுந்தாலும் அவர் பெயரைப் பாட்டி சொல்லமாட்டார். ‘சட்டைக்காரன் வீட்டுக்குப் போனவள்’ என்பார். ஆங்கிலோ இந்தியரைச் சட்டைக்காரர் என்று அழைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தது. இன்றைய இளம் வாசகர்கள் அச்சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லில் தீங்கு ஒன்றும் இல்லை. தீங்கு பாட்டியின் குரலில் இருந்தது.

அத்தை தொலைபேசி நிலையத்தில் பணியாற்றியவர். உடன் பணிபுரிந்த தோழியின் அண்ணன் தெற்கு ரயில்வேயில் எஞ்சின் ஓட்டுநர். 1974-இல் இருவரும் பரங்கிமலையில் ஒரு தேவாலயத்தில் மணம் செய்துகொண்டனர். செய்தி கிடைத்த அன்று தாத்தா ஊர்க் குளத்தில் இறங்கித் தலைமுழுகிவிட்டு வந்தாராம். அவர் தமிழாசிரியர். பட்டினப்பாலையைப் பாடம் சொல்வதில் வட்டாரத்திலேயே பெயர் பெற்றவர். பல தேயத்து மக்கள், பல மொழி பேசுவோர், காவிரிப்பூம்பட்டினத்தில் ஒன்றாகக் கலந்து வாழ்ந்ததைச் சொல்லும் பகுதிக்கு வரும்போது அவர் குரல் தழுதழுத்துவிடும் என்று அவருடைய பழைய மாணவர் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதே பகுதியை இருபது ஆண்டுகளாக நானும் வகுப்பில் நடத்தி வருகிறேன். ஆனால் அத்தையின் முகத்தை நான் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு ஜூலை இறுதியில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. என் மாணவி ஒருத்தி வழியாக எண் கிடைத்ததாம்.

“உன் அத்தை பேசறேம்மா. ஆகஸ்ட் மொத ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்க விழா. தாம்பரத்துலதான். நீ வரணும். சங்கடமா இருந்தா அண்ணங்கிட்ட சொல்ல வேணாம்.”

“வர்றேன் அத்தை” என்றேன். அச்சொல்லை என் வாய் சொன்னது அதுவே முதல் முறை.

ஆகஸ்ட் 2 உலக ஆங்கிலோ இந்தியர் நாள். 1935-ஆம் ஆண்டு அந்த நாளில்தான் இந்திய அரசுச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது; ஆங்கிலோ இந்தியர் யார் என்று அச்சட்டம் வரையறுத்தது. பின்னர் நம் அரசியலமைப்பின் 366(2) பிரிவும் அதே அடிப்படையை ஏற்றது. தந்தையோ, தந்தை வழியில் வந்த ஆண் முன்னோர் எவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும். இந்தியாவிலேயே நிலையாக வாழ்ந்த பெற்றோருக்கு இங்கே பிறந்திருக்க வேண்டும். தாயைப் பற்றி அந்த வரையறை தனியே எதுவும் கேட்பதில்லை. விழாவுக்குப் போகுமுன் இதைப் படித்தேன். படித்தபோது ஒரு தகவலாகத்தான் இருந்தது.

மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. தோழி வீட்டு விசேஷம் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவில் தாம்பரம் சென்றேன். போகும் வழியெல்லாம், எனக்குத் தெரிந்த ஆங்கிலோ இந்தியர் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலில், செகந்திராபாத் லான்ஸர் பாரக்ஸில் சந்திரசேகரனின் அண்டைவீட்டார். ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலில், ஹென்றியை வளர்த்த தாய். எல்லோரும் புத்தகத்தில் வாழ்பவர்கள். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

மண்டபத்தில் வரிசைக்குப் பதினைந்தாக இருபது வரிசை நாற்காலிகள். எல்லாம் நிரம்பி, பின்னால் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆசிரியப் புத்தி எண்ணிப் பார்க்கச் சொல்லும். எண்ணியதும் வேறொரு எண் நினைவுக்கு வந்தது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் இச்சமூகத்துக்கு இருந்த நியமன இடங்களை முடிவுக்குக் கொண்டுவரும் திருத்தம் 2019 டிசம்பரில் விவாதிக்கப்பட்டபோது, 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஆங்கிலோ இந்தியர் 296 பேரே என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. சமூகத்தினர் கடுமையாக மறுத்தனர். 104-ஆம் திருத்தம் 2020 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரு மண்டபத்தின் நாற்காலிகளே முந்நூறு.

இசை தொடங்கியது. கிதாரும் டிரம்ஸும் சாக்ஸபோனும். எழுபது வயதுத் தம்பதியர் கைகோத்து மேடைக்கு முன்னால் வந்து வால்ட்ஸ் ஆடினார்கள். பின்னால் பேரப்பிள்ளைகள் ஜைவ் ஆடினார்கள். ‘சட்டைக்காரர் என்றால் பாட்டும் கூத்தும்’ என்று பாட்டி சொல்வது காதில் ஒலித்தது. இந்த இசைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1687-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள், தம் படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கும்படி சென்னைக் கோட்டைக்கு எழுதினார்கள். குழந்தை பிறந்து ஞானஸ்நானம் பெற்றால் தாய்க்கு ஒரு வராகன் அன்பளிப்பு. நூறு ஆண்டு கழிந்ததும் அதே கம்பெனிக்கு இந்தப் பிள்ளைகளைக் கண்டு அச்சம் பிறந்தது. 1791-இல் உயர்பதவிகளின் கதவுகள் சாத்தப்பட்டன. 1795-இல் பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர் படையில் சேரவும் தடை வந்தது. விதிவிலக்கு குழலூதுவோர், முரசறைவோர், வாத்தியக்குழுவினர், குதிரைக்கு லாடம் அடிப்போர் ஆகியோருக்கு மட்டும். அதாவது, துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு மத்தளத்தைக் கையில் கொடுத்தார்கள். பின்னர் ரயில் வந்தது, தந்தி வந்தது, வேலைகள் வந்தன. மத்தளம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. இது தெரிந்தபின் அந்த டிரம்ஸ் ஓசை என் காதுக்கு வேறாகக் கேட்டது.

அத்தையைத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வரிசையில், மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், அப்பாவின் மூக்கோடு ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கன்னத்தை இரு கைகளாலும் பிடித்துப் பார்த்தார்.

“அம்மா ஜாடை” என்றார், என் பாட்டியைக் குறித்து. பிறகு, “வா, உனக்கு ஒண்ணு காட்டணும்” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

பக்கச் சுவர் முழுவதும் பழைய புகைப்படங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னிடமுள்ள மிகப் பழைய படத்தைக் கொண்டுவந்து, கீழே குறிப்பெழுதி மாட்ட வேண்டும் என்பது விழாக்குழுவின் ஏற்பாடு. வெல்ஷ்காரக் கொள்ளுத்தாத்தா, ஐரிஷ்காரப் பாட்டனார், அவர் இருந்த படைப்பிரிவு, கப்பல் வந்திறங்கிய ஆண்டு என எல்லாம் விவரமாக எழுதப்பட்டிருந்தன. அருகில் நிற்கும் பெண்ணுக்கு ‘மேரி’ என்றோ ‘மனைவி’ என்றோ ஒரு சொல். மேரி ஆவதற்கு முன் அவள் யார்? எந்த ஊர், யார் மகள்? அவளை எந்தக் குளத்தில் யார் தலைமுழுகினார்கள்? அந்தச் சுவரில் பதில் இல்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் பெரும்பாலும் இல்லை என்கிறார்கள். 366(2) பிரிவு சுவரேறி வந்து நிற்பதுபோல் இருந்தது.

கடைசியில் இருந்தது எங்கள் தாத்தாவின் படம்.

நெற்றியில் நீறு, தோளில் துண்டு, மடியில் ஐந்து வயது அத்தை. கீழே தமிழில், பழைய கையெழுத்தில், தாத்தாவின் பெயர், பாட்டியின் பெயர், ஊர், ‘தமிழாசிரியர்’. மகளைத் தலைமுழுகிய மனிதர், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் முன்னோர் வரிசையில், வெல்ஷ்காரருக்கும் ஐரிஷ்காரருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“எம் பசங்களுக்கு அவங்க அப்பா பக்கம் அஞ்சு தலைமுறை தெரியும். என் பக்கம் தெரிய வேணாமா?” என்றார் அத்தை.

அவர் மகன் வந்தார். மாமா இறந்து ஆறு ஆண்டுகளாகின்றன என்றார். பிற்காலத்தில் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓட்டினாராம். 1931-இல் தொடங்கிய அந்த மீட்டர்கேஜ் ரயிலில்தான் நான் ஐந்தாண்டுகள் கல்லூரிக்குப் போய்வந்தேன். எத்தனை நாள் காலை மாமா முன்னால் இருந்து ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேனோ!

“நான் உங்களை எப்படிக் கூப்பிடணும்?” என்று கேட்டார் அவர்.

பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்றேன். “நான் உங்களை அத்தான்னு கூப்பிடணும்” என்றும் சொன்னேன். அவர் சிரித்தார், அத்தை சிரிக்கவில்லை.

இரவு உணவில் மஞ்சள் சோறு, உருண்டைக் கறி, ‘பெப்பர் வாட்டர்’. மூன்றாவது நம் மிளகு ரசத்தின் உறவு. மிளகுத் தண்ணீர்தான் ‘முலிகடானி’ என்று ஆங்கில அகராதிக்குள் குடியேறியது. பெயர் எழுதப்படாத அந்தப் பெண்கள் தங்கள் கையெழுத்தை அடுப்பில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் இன்னொரு விழா நினைவில் ஓடியது. 2018-இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையத்தில் மலாக்காச் செட்டிகளைப் பற்றி ஒரு கண்காட்சி தொடங்கியது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்குப் போன தமிழர்கள் அங்குள்ள பெண்களை மணந்து உருவான சமூகம் அது. வீட்டுமொழி மலாய், வழிபாடு சைவம். அதன் படங்களைப் பார்த்துவிட்டு வகுப்பில் நான் பெருமையோடு பேசினேன், மாணவர்கள் கைதட்டினார்கள். தமிழ் ஆண் கடல் கடந்து போய்க் கலந்தால் அவன் பேரப்பிள்ளைகள் நம்மவர். தமிழ்ப் பெண் பரங்கிமலைக்குப் போய்க் கலந்தால் அவள் பிள்ளைகள் சட்டைக்காரர். கம்பெனியும் சட்டமும் போட்ட கணக்கைத்தான் தாத்தாவும் போட்டார். அன்றுவரை நானும் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். கலப்பைக் கொண்டாடும் இத்தகைய விழாக்களை அவர்களுடைய விழா என்று நாம் ஒதுங்கி நிற்கிறோம். பாதி நாற்காலிகள் நமக்குரியவை. பெண்ணைக் கொடுத்தது நம் வீடு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். செல்பேசியில் எடுத்திருந்த சுவர்ப் படத்தைக் காட்டினேன். எண்பதை நெருங்கும் கண்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“இந்தப் படத்த ரொம்ப நாள் தேடினோம். அவதான் எடுத்துட்டுப் போயிருக்கா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “புடவைதான் கட்டியிருந்தாளா?” என்று கேட்டார்.

“ஆமாம்பா.”

வேறொன்றும் கேட்கவில்லை. அத்தையின் எண்ணை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தேன். அவர் இன்னும் அழைக்கவில்லை. டிசம்பர் முடிந்து புது நாட்காட்டி மாட்டியபோது, பழையதிலிருந்து அந்த எண்ணை அவரே தம் கையால் பெயர்த்து எழுதியிருப்பதைப் பார்த்தேன். நான் எதுவும் கேட்கவில்லை.