போர்டை மாத்துங்க பாஸ், பஸ்ஸை இல்ல!

நமக்கு சொந்த ஊர் ஏற்காடு மலையில இருக்கிற மஞ்சக்குட்டை. வேலை, வெப்சைட்டுகளுக்குப் பின்னாடி ஓடுற ஜாவா புரோகிராம் எழுதுறது. 'மலையில உட்கார்ந்துக்கிட்டு எங்கேயோ இருக்கிற சர்வருக்கு எப்படிப்பா எழுதுறே?'ன்னு கேட்கிறவங்களுக்கு என் பதில் ஒண்ணுதான்: புரோகிராமுக்கு ஊர் தெரியக் கூடாது!

புரியலையா? சேலம் பஸ் ஸ்டாண்டைப் பாருங்க. காலையில ஒரு ஊர் போர்டோட நிக்கிற பஸ், சாயங்காலம் வேற போர்டோட கிளம்பும். மாறுறது போர்டுதான், இன்ஜின் இல்ல. புரோகிராமும் அப்படித்தான். என் லேப்டாப்ல ஒரு டேட்டாபேஸ். நிஜ சர்வர்ல வேற டேட்டாபேஸ், வேற பாஸ்வேர்ட். இப்படி இடத்துக்கு இடம் மாறுற சமாச்சாரத்துக்குப் பேர்தான் கான்ஃபிகரேஷன். அதைக் கோடுக்குள்ளயே எழுதிட்டா, ஒவ்வொரு தடவையும் பஸ்ஸையே கழட்டி மாட்டணும்.

ஸ்பிரிங் பூட்ல வழி சுலபம். ரகசியமில்லாத செட்டிங்ஸை 'அப்ளிகேஷன் டாட் பிராப்பர்ட்டீஸ்' ஃபைல்ல வையுங்க. பாஸ்வேர்டை சர்வரோட என்விரான்மென்ட் வேரியபிள்ல வையுங்க. ஒரே செட்டிங் ரெண்டு இடத்துலயும் இருந்தா, வேரியபிள்தான் ஜெயிக்கும். இதையெல்லாம் ஒரே கிளாஸ்ல சேர்த்துட்டா, தேவைப்படுற இடத்துக்கு கன்ஸ்ட்ரக்டர் வழியா ஸ்பிரிங்கே கொண்டுவந்து கொடுத்துடும். இதான் இன்ஜெக்‌ஷன். டிரைவர் டீசலைத் தேடி அலைய வேண்டாம், டிப்போவுலயே ரொப்பிடுவாங்க.

இன்னொண்ணு. வேலிடேஷன் ஸ்டார்ட்டரைச் சேர்த்து, அந்த கிளாஸ் மேல 'வேலிடேட்டட்', ஃபீல்டு மேல 'நாட் பிளாங்க்' போடுங்க. மதிப்பு காலியா இருந்தா புரோகிராம் ஸ்டார்ட் ஆகும்போதே நின்னுடும். எங்க மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. பிரேக் சரியில்லைன்னு அடிவாரத்துல தெரியறது நல்லதா, 15-வது வளைவுல தெரியறது நல்லதா?

சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2016-ல ஊபர் கம்பெனியோட கிட்ஹப் கோடுல இருந்த கிளவுட் சாவி திருடங்க கையில சிக்குச்சு. இத்தனைக்கும் அது பிரைவேட் ரெப்போ! போனது 5.7 கோடி பேரோட தகவல். அதை ஒரு வருஷம் மூடி மறைச்ச வழக்குல, 2018-ல அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெஸ்யூமேல கிட்ஹப் லிங்க் கொடுக்கப் போறீங்களா? அதுக்கு முன்னாடி உங்க ப்ராஜெக்ட்ல 'பாஸ்வேர்ட்'னு தேடிப் பாருங்க. ஜூனியர் பசங்க ப்ராஜெக்ட் அனுப்பினா நான் முதல்ல தேடுறது அதைத்தான். சிக்கிச்சுன்னா, அந்த வரியை அழிச்சா மட்டும் போதாது. பழைய கமிட்ல அது அப்படியே உட்கார்ந்திருக்கும். பாஸ்வேர்டையே மாத்துங்க. இன்னிக்கே!