வெயிலுக்காகக் கட்டிய மண்டபம்

சித்திரை பிறக்கும் நாட்களில் திருநெல்வேலியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். தூணின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். சாரல் காற்று இறங்க இன்னும் ஒன்றரை மாதமாவது ஆகும். நெல்லையப்பர் கோயில் நந்தவனத்தின் நடுவே நூறு தூண்களோடு நிற்கும் வசந்த மண்டபத்தை அந்த வெயிலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நந்தவனத்தை 1756-இல் திருவேங்கடகிருஷ்ண முதலியார் அமைத்ததாகக் கோயில் வரலாறு சொல்கிறது. கோடையில் சுவாமி இளைப்பாற எழுந்தருளும் இடம் வசந்த மண்டபம். சூரியன் உச்சிக்கு வரும் ஊரில் வெயிலைத் தாங்குவது பெரும்பாலும் கூரைதான். கல் பாவி, அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கனமாகப் போடுவது நம் பக்கத்துக் கொத்தர்களின் பழைய வழக்கம். அந்தக் கனத்தைக் கடந்து சூடு கீழே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காலையும் மாலையும் சாய்வாக விழும் வெயிலை நந்தவனத்து மரங்கள் தடுக்கும். இலைகள் விடும் ஈரம் வரும் காற்றையும் கொஞ்சம் குளிர்விக்கும். தோட்டமும் மண்டபமும் சேர்ந்துதான் ஒரு கட்டடம் என்றே நான் சொல்வேன்.

மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபமும் வசந்த விழாவுக்கானதுதான். அங்கே மண்டபத்தைச் சுற்றி அகழிபோல ஓடையமைத்து நீர் நிரப்பினார்கள். 1780-களில் மதுரையில் இருந்த ஆடம் பிளாக்கேடர் என்ற மருத்துவர் அந்த மண்டபத்தை நம்மூர் ஓவியர்களைக் கொண்டு வரையவைத்தார். தூண் தூணாக, சிற்பம் சிற்பமாக வரைந்த அந்தப் படங்கள் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ் எழுதி 1834-இல் லண்டனில் வெளியான சிற்பநூல் ஆராய்ச்சியிலும் தூணும் அதிட்டானமும் விமானமும் அளவு பிசகாமல் வரையப்பட்டிருக்கின்றன. வணங்கத்தக்க உழைப்பு. ஆனால் காற்று எந்தப் பக்கம் நுழைகிறது, வெயில் எதுவரை எட்டுகிறது என்பதை வரைவது அன்றைய நோக்கமாக இல்லை.

குளிர்நாட்டில் கணப்பு இல்லாமல் பிழைப்பில்லை. அங்கே வரைபடமே சூட்டைச் சொன்னது. 1799 முதல் 1801 வரை இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் எழுந்த பஞ்சாலையில் வார்ப்பிரும்புத் தூண்களை உள்ளீடற்ற குழல்களாக வார்த்து, அவற்றின் வழியே நீராவியைச் செலுத்திக் கட்டடத்தைச் சூடாக்கினார்கள். மாடியைத் தாங்கும் தூணே கணப்பாகவும் ஆனது. அதை வடிவமைத்த போல்டன்–வாட் நிறுவனத்தின் வரைபடங்கள் பர்மிங்காம் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நம் வசந்த மண்டபங்களுக்கும் அப்படி ஒரு வரைபடம் வேண்டும். கூரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல அடுக்கடுக்காக வரைய வேண்டும். கல் எத்தனை அங்குலம், காரை எத்தனை அங்குலம் என்று குறிக்க வேண்டும். மரங்களையும் நீர் நிற்கும் இடங்களையும் அதே தாளில் சேர்க்க வேண்டும். சித்திரையில் ஒருநாள் முழுக்க, மணிக்கொரு முறை, கூரைக்கு மேலும் கீழும் தோட்டத்திலும் வெப்பமானி வைத்து அளந்து அருகிலேயே எழுத வேண்டும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு கோடையில் முடித்துவிடக்கூடிய வேலை இது. திருப்பணி என்று ஒரு நாள் பழைய காரையைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பூச வந்தால், அந்தத் தாளை ஸ்தபதியின் கையில் கொடுக்கலாம்.