தலைவி என்பவள் யார்?

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். ஊர் கூட மறுத்தால் என்ன செய்வது? அதற்கான விடையை இவ்வாண்டு அறிவியல் கண்காட்சி எங்களுக்குக் கற்பித்தது.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் ஏழு பேர். எங்கள் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு ‘அடையாற்று உப்பங்கழி’. மாதிரி ஒன்று செய்து, வருவோருக்கு விளக்கவும் வேண்டும். சிஸ்டர் சீட்டுக் குலுக்கித் தலைவியைத் தேர்ந்தெடுத்தார். பெயர் வந்தவளோ வகுப்பில் அதிர்ந்து பேசாதவள்!

தொல்லை அன்றே தொடங்கிற்று. மாலை நான்கு மணிக்கு மேல் தங்க ஒருவருக்கும் மனமில்லை. அவள் எழுதிய வேலைப்பட்டியல் கரும்பலகையில் ஒரு வாரம் அப்படியே இருந்தது. கலங்கி நின்றவளிடம் சிஸ்டர், “வேலையைச் சொல்லுமுன் ஆளைக் கேள், அம்மா” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முதல் மதிய இடைவேளையில் அவள் ஒவ்வொருவர் அருகிலும் வந்து அமர்ந்தாள். “உனக்கு எது கஷ்டம்?” என்பதே அவள் கேட்ட கேள்வி. ஒருத்தியின் தாயார் வேலையிலிருந்து திரும்ப இரவாகும். தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள்தான் வீட்டில் இருக்க வேண்டும். இன்னொருத்திக்குத் தெர்மோகோலும் வர்ணமும் வாங்க வீட்டில் பணம் கேட்கத் தயக்கம். மற்றொருத்திக்கு நாலு பேர் முன் பேச நடுக்கம். சோம்பல் என்று தோன்றியதற்குப் பின்னால் இத்தனை காரணங்கள் இருந்தன.

வேலை மதிய இடைவேளைக்கு மாறியது. கடையில் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்த காகிதக் கூழே எங்களுக்கு மண்ணும் மலையும். பேச அஞ்சியவள் பறவைகளை வரைந்தாள். குப்பையும் கட்டட இடிபாடுகளும் கிடந்த 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டதை ஒருத்தி நூலகத்தில் படித்துக் குறித்து வந்தாள்.

எங்களுள் ஒருத்தி சீனிவாசபுரத்து மீனவர் வீட்டுப் பெண். “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று ஒதுங்கியே இருந்தாள். “முகத்துவாரத்தை நீதானே தினமும் பார்க்கிறாய்?” என்று தலைவி கேட்டதும் வாய் திறந்தாள். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைப்பதும், அடைத்தால் கடல்நீர் உள்ளே வராமல் கழி நாறுவதும், மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைப்பதும் அவளுக்குப் பாடமாக இருந்தன. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்ட கதையையும் வீட்டார் சொல்லக் கேட்டிருந்தாள். எங்கள் மாதிரியில் மணல்திட்டை வைத்து, டம்ளரால் நீர் ஊற்றிக் காட்டும் யோசனை அவளுடையதே.

கண்காட்சியன்று அவள் தந்தையார் வந்தார். உற்றுப் பார்த்துவிட்டு, “மணல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கணும்மா” என்றார். தலைவி உடனே மணல் கரண்டியை அவரிடமே நீட்டினாள். அவர் திருத்தி வைத்தபோது, அருகில் நின்ற மகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் பரிசு வேறு குழுவுக்குப் போயிற்று. ஆனால் அன்று பிற்பகல் முழுவதும் மீனவர் வீட்டுப் பெண்ணே விளக்கம் சொன்னாள். தலைவி பின்னால் நின்று நீர் மொண்டு கொடுத்தாள்.

இதே சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் கடற்கரை நெடுக நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகிறார்கள். சம்பளமும் இல்லை, கட்டாயமும் இல்லை. தனக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்று உணர்பவர் தாமே வருவார் போலும்.

தங்கையரே, நாளை உங்கள் பெயரும் சீட்டில் வரலாம். தோழியரை இழுத்துச் செல்லப் பார்க்காதீர்கள். யாருக்கு எது முடியும், எது தடை என்று முதலில் கேளுங்கள். தேர் நகரும்.