அப்பா திருத்திய கணக்கு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. நண்பர் ஒருவரைச் சந்திப்பதாகச் சொல்லியிருந்த நேரம் கடந்து அரை மணி ஆகிவிட்டது. அவர் கைப்பேசியில் அழைத்தார். "ரஹாங் தாண்டி வந்துக்கிட்டே இருக்கேன், ஒரே ஜாம்" என்றேன். அப்போது நான் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் பத்து வயது மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தை அவளிடம் நீட்டினேன். வாங்காமலேயே கேட்டாள்: "அப்பா, பொய் சொல்லக் கூடாதுங்கிறது பெரியவங்களுக்கும்தானா?"

எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது.

ரஹாங்கிற்கு அருகில் ஒரு தோட்டத்தில் அப்பா பால் வெட்டினார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். புறப்படும் முன் பாயருகே முழங்காலிட்டு, சத்தமில்லாமல் ஜெபிப்பார். அரைத்தூக்கத்தில் அதைப் பார்த்தே வளர்ந்தேன். "நீயும் ஜெபம் பண்ணு" என்று அவர் சொன்னதாக நினைவில்லை.

ஓர் ஆண்டின் கடைசியில் விடாத மழை. மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் குறைவு. ஆனால் அந்த மாதம் அப்பாவின் கையில் கூடுதலாகப் பணம் வந்தது. வேறொருவர் கொண்டுவந்த பாலின் எடையும் தவறுதலாக அப்பாவின் பெயரில் ஏறியிருந்தது.

"பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கணும். எழுதினது அவங்க தப்புதானே?" என்றார் அம்மா.

"எழுதினது அவங்க. எடுத்துக்கிட்டா, எடுத்தது நான்" என்றார் அப்பா.

மறுநாள் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆபிசுக்குப் போய், கிராணியிடம் பணத்தைக் கொடுத்துக் கணக்கைத் திருத்தச் சொன்னார். அந்த ஜனவரியில் பழைய சப்பாத்துக்கே வெள்ளை பூசிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அப்பா மேல் கோபம்தான். அது பாடம் என்று புரியப் பல ஆண்டுகள் ஆயின.

அப்பா தவறே செய்யாதவர் இல்லை. ஒரு முறை சட்டைப்பையில் இருந்த ஒரு வெள்ளியை நான் எடுத்துவிட்டதாக நினைத்து அடித்துவிட்டார். சாயங்காலம் அது வேறொரு பையில் கிடைத்தது. இரவு என் பாயருகே வந்து உட்கார்ந்து, "அப்பா தப்புப் பண்ணிட்டேன்யா, மன்னிச்சிக்க" என்றார். ஆலயத்தில் கேட்ட எத்தனையோ பிரசங்கங்கள் மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

இன்று நம்மில் பலர் பிள்ளைகளை ஞாயிறு பள்ளியில் விட்டுவிட்டால் கடமை முடிந்ததென்று நினைக்கிறோம். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரமெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் கற்றுக்கொடுக்க வந்தது. பெற்றோரின் இடத்தை நிரப்ப அல்ல. உபாகமம் ஆறாம் அதிகாரமும் வீட்டில் உட்காரும்போதும், வழி நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளிடம் பேசும்படி பெற்றோரிடம்தான் சொல்கிறது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல், அவருடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் முதலில் நினைவுகூர்கிறார்.

இது கிறிஸ்தவ வீடுகளுக்கு மட்டுமானதல்ல. எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார். வீட்டில் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் தனியாக இருந்த பாட்டிக்குப் போகும். அவர் பிள்ளைகள் பக்தியை அங்கேதான் கற்றார்கள்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். "பெரியவங்களுக்கும்தாம்மா. அப்பா இன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவள் எதிரிலேயே நண்பரை அழைத்து உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இதுக்கா போன் பண்ணே?" என்று அவர் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. வேதாகமத்தை என் கையிலிருந்து வாங்கி, வாசிக்கத் தொடங்கினாள்.