நாமினி

அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு அடுக்களையை விட்டு வெளியே வந்தேன். என் பெண் கையில் ஒரு காகிதத்தோடு நின்றிருந்தாள். "அம்மா, இதிலே ஒரு கையெழுத்துப் போடு" என்றாள்.

பள்ளிக்கூடத்து ராங்க் கார்டில் ஆரம்பித்து, அவள் நீட்டின எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டவள்தான் நான். அன்றைக்கும் ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினேன். ஆனால் எழுதியிருந்ததைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

என் பெண் இறந்துபோனாலோ, ஒப்பந்தம் செய்ய முடியாத நிலைக்கு ஆளானாலோ, அவளுடைய கம்பெனிக்கு நான் உறுப்பினராகச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது அதில். விளக்கு வைக்கிற நேரத்தில், இருபத்தாறு வயசுப் பெண்ணைப் பற்றிப் பெற்றவள் எழுதிக் கொடுக்கிற வாசகமா இது?

"என்னட்டி இது! நல்ல வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். என் பெண் பிஸியோதெரபி படித்தவள். படிப்பு நாலு வருஷம், அதற்குப் பிறகு ஆறு மாசம் பயிற்சி. ஒரு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, வண்ணார்பேட்டையில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் வாடகைக்கு இடம் பிடித்துச் சொந்தமாகக் கிளினிக் வைத்தாள். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்கள், தோள்பட்டை இறுகித் தலை வாரக்கூட முடியாத பெண்கள், மூட்டு வலிக்காரர்கள் என்று வந்தார்கள். முறத்தை மடியில் வைத்துக் குனிந்தபடியே பீடி சுற்றிக் கழுத்தும் இடுப்பும் போனவர்கள் நம் ஜில்லாவில் எத்தனை பேர்! அவர்களும் வந்தார்கள். மெஷின்கள், கட்டில்கள் எல்லாம் பாங்க் கடனில் வாங்கினது. கடன் அவள் பேரில், ஜாமீன் அவளுடைய அப்பா.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்து ஜனங்கள் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸையே சூழ்ந்துகொண்டது. என் பெண்ணின் கிளினிக்கில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். கரண்ட் வைத்து வலியைக் குறைக்கிற மெஷின், இடுப்பை இழுத்துக் கட்டுகிற கட்டில், மெழுகு உருக்குகிற தொட்டி எல்லாம் சேறு. அவள் அழவில்லை. வாளியும் துடைப்பமுமாக இறங்கிவிட்டாள்.

மெஷின் போனாலும் கடன் போகவில்லையே! தவணை தவறியதும் காகிதம் எங்கள் வீட்டுக்காரர் பேருக்கே வந்தது. என் ஆறு பவுன் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அதுகூடப் பெரிதில்லை. "கிளினிக்குக்கு மட்டும் நஷ்டம் எவ்வளவு?" என்று ஆடிட்டர் அண்ணாச்சி கேட்டபோது வீட்டில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. கிளினிக் மேஜையிலிருந்து எடுத்து காஸ் சிலிண்டர் வாங்கியிருக்கிறோம். என் சீட்டுப் பணத்தில் கிளினிக் வாடகை கொடுத்திருக்கிறோம். எது வீட்டுப் பணம், எது கிளினிக் பணம் என்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் அண்ணாச்சி கம்பெனிப் பேச்சை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "நாலு கட்டில் போட்ட இடத்துக்கு எதுக்கு அண்ணாச்சி கம்பெனி?" என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். பன்னிரண்டாவதோடு நின்ற எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் தன் பேரிலேயே தொழில் செய்தால், தொழிலும் அவரும் ஒன்று. தொழில் பட்ட கடனுக்கு வீடு, நகை, சேமிப்பு எல்லாம் பதில் சொல்ல வேண்டும். கூட்டு சேர்ந்து செய்தால் கூட்டாளி செய்த வினைக்கும் நாம் பொறுப்பு. பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மை என்று 2008-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு இரண்டு பேராவது வேண்டும். 2013-ல் வந்த கம்பெனிச் சட்டத்தில்தான் தனி ஒருவரே கம்பெனி ஆரம்பிக்க வழி செய்தார்கள். 'ஒரு நபர் கம்பெனி' என்று பேர். அது சட்டத்தின் கண்ணுக்குத் தனி ஆள். அதற்குத் தனிப் பேர், தனி பாங்க் கணக்கு, தனி வரி. அது பட்ட கடன் அதனோடு.

இது புது விஷயமில்லையாம். லண்டனில் ஆரன் சாலமன் என்று ஒரு செருப்பு வியாபாரி இருந்தார். 1892-ல் தன் வியாபாரத்தைக் கம்பெனியாக மாற்றினார். பங்கு ஏறக்குறைய எல்லாமே அவருக்கு, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு பங்கு. அடுத்த வருஷமே கம்பெனி நொடித்துவிட்டது. "கம்பெனியும் நீயும் ஒன்றுதானே, கடனை நீ கட்டு" என்று வழக்கு. கீழ்க் கோர்ட்டுகளில் தோற்றார். 1896-ல் அந்த நாட்டு உச்ச நீதி பீடம், கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் கம்பெனிச் சட்டத்துக்கு அதுதான் அஸ்திவாரம்.

"அப்படியானால் இனி ஒரு பயமும் இல்லை" என்றேன். "அவசரப்படாதே தங்கச்சி" என்று அண்ணாச்சி விரலை மடக்கினார்.

ஒன்று, கம்பெனிக்குக் கடன் கொடுக்கிற பாங்க், நடத்துகிறவரிடம் சொந்த ஜாமீனும் கேட்கும். அதில் கையெழுத்துப் போட்டால், போட்ட வேலியில் நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. இரண்டு, அவள் கையால் ஒரு நோயாளிக்குக் கெடுதல் வந்தால் அதற்கு அவள்தான் பொறுப்பு. கம்பெனிக்குப் பின்னால் ஒளிய முடியாது. காசு வாங்கிச் செய்கிற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மூன்று, தனி ஆளுக்கு இவ்வளவு வருமானம் வரை வரி இல்லை என்று ஒரு வரம்பு உண்டு. கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது. நாலு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வருஷா வருஷம் தணிக்கை செய்து கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். ஐந்து, ஆற்று வெள்ளத்தைக் கம்பெனி தடுக்காது. அதற்கு இன்ஷூரன்ஸ்தான் வேண்டும்.

என் பெண்ணோடு படித்தவள் ஒருத்தி அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே டாக்டர், வக்கீல், பிஸியோதெரபிஸ்ட் மாதிரி ஆட்களுக்கென்றே தனி வகைக் கம்பெனி உண்டாம். பல மாநிலங்களில் அந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் உள்ளவர்கள்தான் அதில் பங்கு வைத்துக்கொள்ளலாமாம். அங்கேயும் சொந்தக் கை செய்த தவறுக்கு அது கவசமில்லை. நம் நாட்டில் பிஸியோதெரபிக்கென்று அப்படித் தனி வகை இல்லை. அதனால்தான் ஒரு மெஷினின் பேர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத என்னை, அவளுக்குப் பின்னால் உறுப்பினர் என்று எழுத முடிந்தது.

ஒருவரே நடத்துகிற கம்பெனியாயிற்றே, அந்த ஒருவருக்கு ஏதாவது ஆனால் அது அநாதையாக நிற்கக் கூடாது. அதற்காகத்தான் ஆரம்பிக்கும்போதே ஒரு நாமினியின் பேரை, அவர் சம்மதத்தோடு எழுதி வாங்கிவிடுகிறார்கள். நாமினி மேஜரான இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். கம்பெனிக்காரர் உயிரோடும் ஒப்பந்தம் செய்யும் நிலையிலும் இருக்கும்வரை நாமினிக்கு உரிமையும் இல்லை, கடன் பொறுப்பும் இல்லை. நாமினியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நாமினியே விலகிக்கொள்ளவும் செய்யலாம். நாளைக்கு அவளுக்குக் கல்யாணமானால் வருகிற மாப்பிள்ளை பேரை எழுதிக்கொள்ளலாம்.

புத்திக்கு எல்லாம் விளங்கியது. மனசு கேட்க வேண்டுமே! போஸ்ட் ஆபீஸ் கணக்குக்கும் எல்.ஐ.சி.க்கும் நாமும் நாமினி எழுதுகிறோம். அங்கே நமக்குப் பின்னால் பிள்ளைகளின் பேரை எழுதுவோம். அது உலக வழக்கம். இங்கே பிள்ளை தனக்குப் பின்னால் தாயின் பேரை எழுதுகிறது. அதுதான் என் தொண்டையில் முள்ளாக நின்றது.

என் மாமியாரிடம் போய்ச் சொன்னேன். சகுனம் பார்க்கிறவர், வேண்டாம் என்று சொல்லிவிடுவார், நமக்கும் ஒரு சாக்காகும் என்று நினைத்தேன். அத்தை வயல் வேலை பார்த்து நிமிர்ந்தவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வரப்பு இல்லாத வயல்ல தண்ணி நிக்குமாட்டி? உன் மாமனாரு போனப்போ எந்த வயலு யாரு பேருல இருக்குன்னு தெரியாம நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? எழுதி வச்சதுனால யாரும் சாகல. எழுதி வைக்காததுனால மிச்சப்பேருதான் சீரழிஞ்சோம். போய்ப் போடு" என்றார்.

மறுநாள் காலையில் குளித்து, சாமி விளக்கை ஏற்றிவிட்டு, ராகு காலம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். போட்டபோது கை நடுங்கினது நிஜம். அவளும் பார்த்தாள். கட்டை விரலுக்குக் கீழே மெதுவாக இரண்டு தரம் நீவிவிட்டாள். நோயாளிக்குச் செய்கிற மாதிரி.

ஆனால் நானும் ஒரு நிபந்தனை போட்டேன். "கம்பெனிக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தைக் கேக்கக் கூடாது. சம்பாதிச்சு மெதுவா வளந்தாப் போதும்." அவள் ஒத்துக்கொண்டாள்.

இப்போது கிளினிக் மேட்டுப் பக்கம் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டது. வாடகை ஒப்பந்தம், பாங்க் கணக்கு, மெஷின் பில் எல்லாம் கம்பெனி பேரில். மெஷின்களுக்கு இன்ஷூரன்ஸும், அவள் கைத்தொழிலுக்கென்று தனி இன்ஷூரன்ஸும் எடுத்தாயிற்று. வைத்தியம் பார்க்கும் தகுதி அவள் படிப்புக்கும் பதிவுக்கும்தான், கம்பெனிக்கு அல்ல. அதனால் தொழிலுக்கான பதிவையும் கிளினிக்குக்கான பதிவையும் தனித்தனியாகவே கவனித்துக்கொள்கிறாள். மாசம் பிறந்தால் தனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துக்கொள்கிறாள். ஆரம்பத்தில் நான் கொடுத்த சீட்டுப் பணத்தைக்கூட "அம்மாவிடம் வாங்கிய கடன்" என்று கணக்கில் எழுதி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறாள். சங்கிலி மீண்டுவிட்டது.

வீட்டிலேயே டியூஷன், தையல், ஊறுகாய், மசாலாப் பொடி என்று தொழில் செய்கிற சகோதரிகள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். எல்லாருக்கும் கம்பெனி வேண்டியதில்லை. சின்னத் தொழிலுக்கு அதன் செலவே பாரமாகிவிடும். நல்ல ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் தொழில் பணத்துக்கு ஒரு டப்பா, வீட்டுப் பணத்துக்கு ஒரு டப்பா என்று இன்றைக்கே பிரித்து வையுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம். டப்பாவைப் பிரிக்காதவர்கள் கம்பெனி வைத்தும் பிரயோஜனமில்லை. பிள்ளைகள் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துப் போடுங்கள். ஜாமீன் என்றால் பத்துத் தடவை யோசியுங்கள். நாமினி என்றால் என்னைப் போலப் பயப்படாதீர்கள்.

போன வாரம் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வாசலில் மல்லிகைப் பூ வந்தது. சில்லறைக்காகப் பழக்க தோஷத்தில் மேஜையைத் திறந்தேன். "அம்மா, அது கம்பெனிப் பணம்!" என்று உள்ளேயிருந்து குரல். ஒரு பாட்டியின் முழங்காலைப் பிடித்தபடியே சொல்கிறாள்! பிறகு தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பாட்டி சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சம்மதக் காகிதத்தின் நகலை டிரங்குப் பெட்டியில் அவள் ஜாதகத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெளியே எடுக்க வேலையே இல்லாமல், அது அங்கேயே கிடந்து இற்றுப்போகட்டும்.