களத்துமேட்டில் ஒரு படகு

எங்க வீட்டுக்குப் புதுசா யார் வந்தாலும் முதல்ல கேக்கிற கேள்வி ஒண்ணுதான். "இன்னாங்க இது, நெல்லு காயப்போடுற களத்துல படகு நிக்குது?"

கேக்கிறதுல தப்பே இல்ல. பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் நடுவுல இருக்கிற ஊரு எங்களுது. கடலுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல போகணும். என்கிட்ட இருக்கிறது ரெண்டரை ஏக்கர். ஒரு ஏக்கர் நெல்லு, மிச்சத்துல கீரையும் கொஞ்சம் மல்லியும். சுத்தி நாலாபக்கமும் மனைப்பிரிவு வந்தாச்சு. இதுக்கு நடுவுல 16 அடி நீளத்துல ஒரு ஃபைபர் படகு, டிராக்டர் பக்கத்துல குந்திக்கிட்டு இருந்தா யாருக்கும் சிரிப்புதான் வரும்.

என் வீட்டுக்காரம்மா இதுக்கு ஒரு பதில் வெச்சிருக்கா. "பக்கத்துல திருநின்றவூர்ல பூசலார் நாயனார் மனசுக்குள்ளயே கோயில் கட்டினாரு. அவருக்கு செலவு இல்ல. இவரு களத்துல கப்பல் கட்டுறாரு. செலவு மட்டும்தான்."

இது ஏன் வந்துச்சுன்னு சொல்லணும்னா 2015 டிசம்பர் 1-ஆம் தேதிக்குப் போகணும். அன்னிக்கு ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணி திறந்தாங்க. நீங்க டிவியில பாத்திருப்பீங்க. எங்க வீட்ல விடியக்காலம் முழங்கால் அளவு, எட்டு மணிக்கு இடுப்பு. அம்மாவுக்கு அப்ப 78 வயசு, இடுப்பெலும்பு உடைஞ்சு கட்டில்லயே இருந்தாங்க. கட்டிலைத் தூக்கி மேசை மேல வெச்சிட்டு, நானும் என் பையனும் ரெண்டு பக்கமும் புடிச்சிட்டு நின்னோம்.

மதியம் மூணு மணிக்கு ஒரு படகு வந்துச்சு. வடசென்னையில இருந்து மீனவப் பசங்க நாலு பேரு, சொந்தப் படகை லாரியில ஏத்திட்டு வந்திருந்தாங்க. எங்க தெருவுல எஞ்சினை மேல தூக்கிட்டாங்க, ஓட்டல. தண்ணிக்கு அடியில காம்பவுண்டு சுவரு, கம்பி வேலி, டூவீலர் எல்லாம் கெடக்கு, விசிறி மாட்டினா போச்சு. கயிறு கட்டி ஒருத்தர் முன்னாடி மூங்கில் கழியால தரையைக் குத்திப் பாத்துட்டே நடக்க, மத்தவங்க தள்ளிட்டு வந்தாங்க. "ஆயா, பயப்படாத. நம்ம மேல சாஞ்சுக்கோ"ன்னு ஒரு பையன் அம்மாவைக் குழந்தை மாதிரி தூக்கி உள்ள படுக்க வெச்சான். அம்மா அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தாங்க. கடைசி வரைக்கும் அந்தப் பையன் பேரைக் கேக்காம விட்டுட்டமேன்னு சொல்லிட்டே இருந்தாங்க.

அந்தப் படகோட வழவழப்பான வெள்ளை ஓரத்தை நான் கையில புடிச்சிட்டு கழுத்தளவு தண்ணியில நடந்தேன். அந்த வழவழப்பு கையைவிட்டுப் போகவே இல்ல.

2021-ல பழவேற்காட்டுக்கு ஒரு துக்கத்துக்குப் போனப்ப, கரையில கவுந்து கெடந்த ஒரு பழைய படகைப் பாத்தேன். சுனாமிக்கு அப்புறம் தொண்டு நிறுவனம் ஒண்ணு குடுத்ததாம். 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் நம்ம கரையோரம் முழுக்க இந்த மாதிரி படகுங்க ஏராளமா வந்து இறங்கிச்சு. கட்டுமரம் போயி ஃபைபர் வந்தது அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சதுதான். ஆனா சுனாமிதான் அதை முடிச்சு வெச்சது. அவசரத்துக்கு அங்கங்க பட்டறை போட்டு ஊத்தினதால, சில படகு கெட்டி, சில படகு மெலிசு. படகுக்காரர் சிரிச்சிட்டே சொன்னாரு, "அண்ணே, இதை வாங்கி இன்னா பண்ணப் போற? மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறியா?" 6,000 ரூபா குடுத்து, டாடா 407-ல ஏத்தி, மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வழியா கொண்டு வந்துட்டேன். எஞ்சின் தனி. 8 குதிரைத்திறன் யமஹா டூ ஸ்ட்ரோக், காசிமேட்டுல பழசா 12,000 ரூபாய்க்கு.

வந்த கையோட பெயின்ட் அடிச்சா முடிஞ்சதுன்னு நெனச்சேன். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துல ஃபைபர் கதவு செய்யிற ஒருத்தர்கிட்ட யோசனை கேக்கப் போனேன். அவரு வந்து பாத்துட்டு, பெயின்டைப் பத்தியே பேசல. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் புடிச்சிட்டு படகு முழுக்க தட்டிட்டே போனாரு. நாம பானை வாங்கும்போது தட்டிப் பாக்கிற மாதிரி. டங் டங்னு கேட்டா நல்லது. பின்னாடி எஞ்சின் மாட்டுற பலகைகிட்ட வந்ததும் சத்தம் தொப் தொப்னு செத்துப்போச்சு.

அந்த இடத்துல ஃபைபருக்கு உள்ள பிளைவுட் வெச்சிருப்பாங்க. எஞ்சினோட பாரமும் உதறலும் அதுமேலதான் இறங்கும். போல்ட் ஓட்டை வழியா வருஷக்கணக்கா தண்ணி கசிஞ்சு, உள்ள மரம் மக்கி, வெளியில மட்டும் வெள்ளையா பளபளன்னு நின்னுட்டு இருந்துச்சு. கிரைண்டர் போட்டு தோலை அறுத்ததும் பிளைவுட் கையோட வந்துச்சு, நல்ல தொழுவுரம் மாதிரி. இதை அப்படியே பெயின்ட் அடிச்சு தண்ணியில எறக்கியிருந்தா, ஒருநாள் எஞ்சின் பலகையோட கழண்டு போயிருக்கும்.

ஃபைபர் வேலை கேக்க சுலபம். கண்ணாடி இழையில பாய் மாதிரி ஒரு மேட் வரும். அதுமேல ரெசின் தடவித் தடவி ஒட்டணும். ரெசின் இறுக கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் சேக்கணும். முதல்ல ரெசின்ல கோபால்ட்டைக் கலக்கி முடிச்சு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட் ஊத்தணும். ரெண்டையும் நேரா ஒண்ணா ஊத்தினா தீப்பிடிக்கும், வெடிக்கும். இதை அவரு என்னை மூணு தடவை திருப்பிச் சொல்ல வெச்சாரு. ஒரு கிலோவுக்கு 10 மில்லி கேட்டலிஸ்ட். வெயில் ஏறிட்டா அந்த அளவுக்கே மக்குல இருக்கிற ரெசின் புகைஞ்சு கல்லாயிடும். மழை ஈரத்துல செஞ்சா பிசுபிசுன்னே நிக்கும். அதனால தை அறுவடை முடிஞ்சு பங்குனி வரைக்கும், அதுவும் காலையில பத்து மணிக்குள்ள. கிரைண்டர் தூசி உடம்புல பட்டா ராத்திரி முழுக்க அரிக்கும். வெந்நீர் ஊத்தக் கூடாது, பச்சத்தண்ணிதான். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம்.

ஓட்டையை அடைக்கிறதுல மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கல. படகு 6 மில்லிமீட்டர் தடிமன்னா, ஓட்டையைச் சுத்தி 3 இஞ்ச் அகலத்துக்குச் சரிவா தேய்ச்சுட்டு, சின்ன துண்டுல ஆரம்பிச்சு பெரிய துண்டு வரைக்கும் அடுக்கணும். வரப்பு உடைஞ்சா நாம இதைத்தானே செய்யிறோம்? உடைஞ்ச வாயில மட்டும் மண்ணைக் கொட்டினா அடுத்த தண்ணிக்கு அதே இடம் புட்டுக்கும். ரெண்டு பக்கமும் பழைய மண்ணை வெட்டிச் சரிச்சு, புது மண்ணை அதோட மிதிச்சுப் புணைச்சாதான் நிக்கும்.

அறிவு இருந்தும் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். கவுந்தாலும் படகு முழுகாம இருக்கணும்னா, சீட்டுக்கு அடியில காத்து அடைப்பு வேணும். காய்கறிக் கடையில இருந்து தெர்மாகோல் பெட்டி வாங்கிட்டு வந்து அடைச்சு, மேல ரெசின் ஊத்தினேன். அஞ்சு நிமிஷத்துல தெர்மாகோல் கற்பூரம் மாதிரி கரைஞ்சு காணாமப் போச்சு. அந்த ரெசின் தெர்மாகோலைத் தின்னுடும்னு எனக்குத் தெரியாது. 3,000 ரூபா சரக்கு வீண். கடைசியில 20 லிட்டர் தண்ணி கேன் பழசு எட்டு வாங்கி, மூடியை சீல் பண்ணி உள்ள வெச்சேன். எங்க பக்கத்து நிலத்தடித் தண்ணியை உறிஞ்சி வித்த கேனு, இப்ப தண்ணியில இருந்து நம்மளக் காப்பாத்தட்டும்.

இதோட என் உற்சாகம் குறைஞ்சு போச்சு. பின்பலகைக்குப் புது மரம் வெக்காம திறந்த வாயோட படகு அப்படியே நின்னுச்சு. கீரை விலை, பொண்ணு கல்யாணம், நாத்து, களையெடுப்புன்னு ஆயிரம் காரணம். தார்ப்பாய் போட்டு மூடிட்டேன். அடுத்த தையில பாத்துக்கலாம். அடுத்த தையும் போச்சு.

2023 டிசம்பர் 4, திங்கக்கிழமை. மிக்ஜாம் புயல். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னு நம்ம பக்கம் முழுக்க தண்ணி. எங்க மேடு தப்பிச்சது. எதிர்ல மனைப்பிரிவு மார்பளவு முழுகிடுச்சு. அங்க ஆவடி டாங்கி ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்து ரிட்டயரானவர் ஒருத்தர் இருக்காரு. ரெண்டு நாளைக்கு ஒருதடவை டயாலிசிஸ். திங்கக்கிழமை போயிருக்கணும், முடியல. செவ்வாக்கிழமை காலையில அவர் சம்சாரம் மாடியில இருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாங்க.

நான் களத்துக்கு ஓடினேன். தார்ப்பாயைத் தூக்கினேன். பின்பக்கம் ரெண்டடிக்கு ஓட்டையா இருக்கிற படகு எப்படி மிதக்கும்? ஒரு நிமிஷம் அதையே பாத்துட்டு நின்னேன். அப்புறம் டிராக்டர் பெரிய டயர் டியூப் ரெண்டுக்குக் காத்தடிச்சு, மேல கயித்துக் கட்டிலைக் கட்டி, ஆறு பேரு புடிச்சுத் தள்ளிட்டுப் போனோம். போக வர மூணு மணி நேரம் ஆச்சு. ரெண்டு தடவை சாஞ்சுது, ஒருதடவை அவரு கால் தண்ணிக்குள்ள போயிடுச்சு. மூச்சு வாங்குது, முகம் வீங்கியிருக்கு. கட்டில்ல படுத்துட்டே என்னைப் பாத்து மெதுவா கேட்டாரு: "தெனம் மாடியில இருந்து பாப்பேன் சார். உங்க களத்துல ஒரு போட் இருக்குமே, அது இன்னும் ரெடி ஆவலையா?"

குத்திக் காட்டுறதுக்குக் கேக்கல. நெசமாத்தான் கேட்டாரு. பதில் சொல்ல எனக்கு வாய் வரல. ரோட்டுக்குக் கொண்டு போயி ஆம்புலன்ஸ்ல ஏத்தினோம். பொழச்சுக்கிட்டாரு.

அந்தத் தையில முதல் வேலை படகுதான். நல்ல மெரைன் பிளைவுட் வாங்கி, மூணு பலகையை ஒட்டி, நாலு பக்கமும் ரெசின் குடுத்து, உள்ளயும் வெளியிலயும் ஆறு அடுக்கு மேட் போட்டேன். போல்ட் ஓட்டை ஒவ்வொண்ணையும் தண்ணி போகாம அடைச்சேன்.

எஞ்சினை அவருதான் பாத்தாரு, அந்த ஃபிட்டர். டயாலிசிஸ் இல்லாத நாள்ல மெதுவா நடந்து வந்து, வேப்பமரத்து நிழல்ல சேர் போட்டு குந்துவாரு. "டாங்கி எஞ்சினே பாத்த கை சார், இது இன்னா பொம்மை"ன்னு சொல்லிட்டே கார்புரேட்டரைப் பிரிச்சு, அடைஞ்சு போன பெட்ரோல் பிசினை ஊதி ஊதி எடுத்தாரு. தண்ணி இழுக்கிற ரப்பர் இம்பெல்லர் காய்ஞ்சு மொறமொறன்னு இருந்துச்சு, மாத்தினோம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். 200 லிட்டர் டிரம்ல தண்ணி ரொப்பி, அதுல எஞ்சினை மாட்டி, கயித்தை இழுத்தேன். பதினேழாவது இழுப்புல புடிச்சது. பின்னாடி சின்னக் குழாயில தண்ணி பீச்சிச்சு. அது வந்தாதான் எஞ்சின் சூடாகாம ஓடுதுன்னு அர்த்தம். அவரு அந்தத் தண்ணியை உள்ளங்கையில புடிச்சுப் பாத்துட்டு, "வெதுவெதுன்னு இருக்கு, கரெக்ட்டா இருக்கு"ன்னாரு. சத்தம் கேட்டு எதிர் வீட்டு மாடியில இருந்து கை தட்டினாங்க. முன்னாடி ரெசின் நாத்தம்னு சண்டைக்கு வந்த வீடு அது.

ஆனி மாசம் படகைப் பழவேற்காட்டுக்கே கொண்டு போனோம். பழைய சொந்தக்காரர் தட்டிப் பாத்தாரு, குனிஞ்சு பாத்தாரு. தண்ணியில எறக்கி அரை மணி நேரம் கழிச்சு உள்ள கையை வெச்சுத் தடவினாரு. காய்ஞ்சு இருந்துச்சு. "படகு ரெடிதான்ணே. நீ ரெடியா?"ன்னாரு. அங்கதான் மாட்டினேன். கைப்பிடியை இடதுபக்கம் தள்ளினா படகு வலதுபக்கம் போகுது. முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டின கைக்கு அது எதிர்ப்பாடம். நாலு நாள் அங்கயே தங்கிக் கத்துக்கிட்டேன். என் பையனும் கத்துக்கிட்டான்.

மொத்தம் கணக்குப் பாத்தா 58,000 ரூபா ஆயிருக்கு. புதுசே வாங்கியிருக்கலாமேன்னு சிலபேரு சொல்றாங்க. இருக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்க ஊருக்குப் படகு வேண்டியிருக்கிறதே பெருமை இல்ல. சின்ன வயசுல எங்க ஏரியில வாழைமரத் தெப்பம் கட்டித்தான் விளையாடினோம். ஏரி நிறைஞ்சா தண்ணி எந்த வாய்க்கால்ல போகும்னு எங்க அப்பாவுக்கு இருட்டுலயும் தெரியும். அந்த வாய்க்கால் இப்ப பாதி இடத்துல ரோடு. மீதி இடத்துல குப்பை. போன மாசம் மனைப்பிரிவுக்காரங்க பன்னெண்டு பேரோட அந்த வாய்க்காலை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நடந்து பாத்தேன். எங்கெங்க அடைச்சிருக்குன்னு எழுதி மனு குடுத்திருக்கோம். அந்த வேலை நடந்தா படகுக்கு வேலை இல்ல. இல்லாமப் போனா எனக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்காரம்மா மட்டும் திட்டுவா.

ஐப்பசி வருது. படகுக்குள்ள 100 அடி கயிறு, ரெண்டு மூங்கில் கழி, ஆறு லைஃப் ஜாக்கெட் வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில டிரம்ல மாட்டி பத்து நிமிஷம் எஞ்சின் ஓடும். ஃபிட்டர் சார் மாடியில இருந்து கேட்டுட்டு, சரியா ஓடுதா இல்லையான்னு கையாலயே ஜாடை காட்டுவாரு. இந்த வாரம் கட்டைவிரல் மேல இருந்துச்சு.