தண்ணீர்ச் சட்டி

காருக்கு டயர் மாற்றிய கதையை ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று வாசக நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் நான்கு டயர்களுக்குக் கொடுத்த காசை விட அந்த விடயத்தில் நான் கற்றுக்கொண்டது பெரிதாக இருந்தபடியால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. உம்மாவுக்காக வாங்கியது. உம்மா எங்களோடு தண்ணீரூற்றில் இருக்கிறா. ராத்தாவும் மற்றச் சொந்தங்களும் புத்தளத்தில். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெருந்தொகையானோர் புத்தளத்தில்தான் ஒதுங்கினர். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு சிலர் ஊருக்குத் திரும்பினோம். சிலர் அங்கேயே நிலைத்துவிட்டனர். வாப்பாவின் கபுறும் அங்கேதான். ஆகவே பெருநாள், கலியாணம், மௌத்து எதுவானாலும் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம், வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம் எல்லாம் தாண்டி ஓடவேண்டும். எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கார் ஆடம்பரமல்ல, இரண்டு ஊர்களுக்கு நடுவே கட்டிய பாலம்.

2023இன் தொடக்கத்தில் டயர்கள் மொட்டையாகிவிட்டன. அது எப்படிப்பட்ட காலம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. 2022இல் டொலரின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டிப் போனது. பெற்றோலுக்கு கியூஆர் அட்டை வந்தது. புது வாகனம் வாங்கும் கனவை எல்லோரும் மூட்டை கட்டிவிட்டுப் பழசைப் பாதுகாக்கத் தொடங்கியிருந்தோம். மனைவி போட்டிருந்த சீட்டு அந்த மாதம் எங்களுக்கு விழுந்தது. அந்தக் காசோடு பட்டணம் போனேன்.

நாடெங்கும் கிளை வைத்திருக்கும் டயர் நிலையம் அது. பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, பால் தேநீர், ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர்கள். தெருவோரத்தில் வெயிலில் நின்றே காரியம் பார்த்துப் பழகிய எனக்கு அந்த உபசாரமே ஒரு மயக்கத்தைத் தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு டயர் பூட்டினார்கள். வீல் பெலன்ஸ், வீல் அலைன்மென்ட், நைதரசன் என்று பட்டியல் நீண்டது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைதரசன்தான் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நான், அதற்குத் தனியாகக் காசு கேட்டபோது வாய் திறக்கவில்லை. கடைசியில் கணினியில் அச்சடித்த ஒரு தாளைத் தந்து, "எல்லாம் பச்சை, சேர்" என்றார்கள். பச்சை என்றால் சரி. காசைக் கட்டிவிட்டு வந்தேன்.

ஐந்து மாதம் போனது. புத்தளம் போகும் வழியில் அநுராதபுரம் தாண்டியதும் பின் ஆசனத்திலிருந்து உம்மா, "மகன், கார் அழுவுற மாதிரிச் சத்தம் கேக்குது" என்றா. எனக்கும் கேட்டது. ஸ்டியரிங்கும் கொஞ்ச நாளாக இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நொச்சியாகமவில் ஒரு தேநீர்க் கடை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகவே தெரிந்தது. குனிந்து உட்புற விளிம்பைத் தடவினேன். விரலில் கம்பி குத்தியது. இறப்பர் முழுவதும் தேய்ந்து உள்ளே இருக்கும் கம்பி வெளியே வந்திருந்தது.

அந்த டயரோடுதான் உம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இத்தனை தூரம் ஓடியிருக்கிறேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது. மேலதிகச் சில்லை மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

திரும்பி வந்ததும் அந்த நிலையத்துக்குப் போனேன். முகாமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். ரோட்டுக் குழி, ஓட்டும் முறை, காற்றின் அளவு என்று காரணங்கள் சொன்னார். "எங்கட கம்பியூட்டர் பிழை விடாது, சேர்." அலைன்மென்ட் செய்வதற்கு முன்னர் எடுத்த அளவுகள் எங்கே என்று கேட்டேன். அதை வைத்திருப்பதில்லை என்றார். என் கையில் இருந்தது பின்னர் எடுத்த அளவு மட்டுந்தான். விடைத்தாளே இல்லாமல் புள்ளியை மட்டும் தந்ததைப் போல.

முள்ளியவளையில் தெருவோரத் தகரக் கொட்டிலொன்றில் டயர் ஒட்டுகிற ஒரு அண்ணை இருக்கிறார். கூலிக்குச் சின்னத் திருத்த வேலைகளும் செய்வார். அவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் முதலில் பார்த்தது டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் பொறித்திருந்த நான்கு இலக்கங்களை. 2218.

"உது என்னெண்டு தெரியுமே மாஸ்டர்? இருபத்திரண்டாம் கிழமை, 2018ஆம் ஆண்டு. டயர் பிறந்த நாள்."

புதுசு என்று நான் வாங்கிய டயருக்கு வாங்கும்போதே ஐந்து வயது நெருங்கியிருந்தது. நன்றாகப் பாதுகாத்து வைத்த டயர் ஐந்து வருடத்தில் பாழாகிவிடுமென்று சொல்ல முடியாது. ஆனால் இறப்பருக்கும் முதுமை உண்டு. அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் கேட்டும் இருக்கலாம். கண்ணுக்கு முன்னால் இருந்த இலக்கத்தை வாசிக்கத் தெரியாதவனாக நின்றிருக்கிறேன்.

பிறகு முன் பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லை இடமும் வலமும் இரண்டு கைகளால் பிடித்து ஆட்டினார். டக் டக் என்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கையும் சில்லையும் இணைக்கும் டை ரொட் எண்டின் மூட்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"ஆடுற பல்லை வச்சுக்கொண்டு பல்லு வரிசையை நேராக்கினா நிக்குமே, மாஸ்டர்?"

விடயம் அவ்வளவுதான். சில்லுகளை மேலிருந்து பார்க்கும்போது அவற்றின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை டோ என்கிறார்கள். நின்ற நிலையில் சில்லின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். என்னுடையது போன்ற சிறிய கார்களில் சாதாரணமாகத் திருத்தக்கூடியது முன் சில்லுகளின் டோ மட்டுந்தான் என்றார் அண்ணை. என் பற்றுச்சீட்டிலோ நான்கு சில்லுக்கும் கேம்பர் திருத்தியதாகக் கணக்கு. மூட்டு ஆடும்போது இயந்திரத்தில் வைத்து டோவைச் சரியாக்கினாலும், கார் ரோட்டில் இறங்கியதும் அது விரும்பிய பக்கம் திரும்பிக்கொள்ளும். அப்போது டயர் உருளாது, ரோட்டில் உரஞ்சிக்கொண்டே போகும். உம்மா கேட்ட அழுகை அதுதான்.

அண்ணை தொழில் பழகியது தொண்ணூறுகளில், எரிபொருளும் உதிரிப்பாகமும் வன்னிக்குள் வரத் தடை இருந்த காலத்தில். ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்துவிட்டு மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய காலம். "புதுச் சாமான் வராது. பழசைத் தொட்டுத் தடவித்தான் வருத்தத்தை அறியோணும்" என்றார். அந்தக் காலத்தில் நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்தோம். ஒரே ஊரின் இரண்டு துயரங்கள். அவற்றைப் பற்றி நாங்கள் இருவரும் அதிகம் பேசுவதில்லை. சில்லைப் பிடித்துக்கொண்டு அன்று கொஞ்சம் பேசினோம்.

மூட்டை மாற்றி, இரண்டு பக்கமும் நூல் பிடித்து ஓரளவுக்கு நேராக்கித் தந்தார். அதன் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். "இனிமேல் மெஷினில ஒருக்காப் பாருங்கோ. நூலை விட மெஷின் துல்லியம். மெஷினில பிழையில்லை மாஸ்டர். அதுக்கு முன்னால ஒருத்தன் குனிஞ்சு பாக்கோணும்."

அதே நிலையத்துக்குத்தான் மீண்டும் போனேன். காரை ஏற்றிய பையன் என்னைக் கண்டதும் தலையைத் தாழ்த்திக்கொண்டான். நாங்கள் மீள்குடியேறிய ஆரம்ப காலத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். வேலை முடியும்வரை பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அண்டைக்கும் நான்தான் சேர் செஞ்சது. நீங்க உள்ளுக்கு இருந்தீங்க. ஒரு நாளைக்கு இத்தனை வாகனம் எண்டு கணக்கு இருக்கு. கீழ படுத்து ஆட்டிப் பாக்க நேரமில்ல. டயர் வித்தாத்தான் கொமிஷன். மூட்டு ஆடுது எண்டு சொன்னா வாகனம் வேற கராஜுக்குப் போயிடும்."

அவனைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் நான் அவனுக்கு என்ன செய்தேன் என்று யோசித்தேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு எத்தனை பேர் சித்தி என்ற கணக்குத்தான் எங்கள் தலைக்கு மேலும் தொங்கியது. வாசிக்கத் தடுமாறிய பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்க நேரமில்லை. முன்னேற்ற அறிக்கையில் 'திருப்தி' என்று எழுதி அடுத்த வகுப்புக்கு ஏற்றிவிட்டோம். அதுவும் ஒரு பச்சைத் தாள்தான்.

இது எங்கள் நாட்டுக்கு மட்டுமான நோயல்ல. அமெரிக்காவில் புகழ்பெற்ற சியர்ஸ் நிறுவனம் தன் கடைகளோடு வாகனத் திருத்த நிலையங்களையும் நாடெங்கும் நடத்தியது. 1992 ஜூனில் கலிபோர்னியா மாநில நுகர்வோர் திணைக்களம், வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பிச் சோதித்துவிட்டு, தேவையற்ற வேலைகளைச் செய்து பணம் அறவிட்டதாக அந்த நிறுவனத்தின் மீது குற்றஞ்சாட்டியது. வேண்டுமென்று ஏமாற்றவில்லை என நிறுவனம் மறுத்தது. ஆனால் தவறுகள் நேர்ந்ததை ஒப்புக்கொண்டு, ஊழியருக்கு இருந்த கொமிஷன் முறையைக் கைவிட்டது. கெட்ட மனிதர்கள் நிறையப் பேர் ஒரே கடையில் வேலைக்குச் சேர்ந்ததால் அது நடக்கவில்லை. பார்ப்பதற்குச் சம்பளமில்லை, விற்பதற்குத்தான் சம்பளம் என்ற ஏற்பாடு நல்லவனையும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், மூட்டுத் தேய்ந்த சில்லைப் போல.

வாப்பா இடம்பெயர முன்னர் தண்ணீரூற்றில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை வாசலில் விளிம்பு நசுங்கிய ஒரு அலுமினியச் சட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கும். பஞ்சர் ஒட்ட வந்தவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் காட்டுவார். ஒட்டிய பிறகு மறுபடி அமிழ்த்தி, குமிழி வரவில்லை என்பதையும் காட்டுவார். அவசரக்காரர்கள், "விடுங்க நானா, உங்களை நம்பாமலா" என்பார்கள். "நம்பத் தேவையில்ல, பாருங்க" என்பார் வாப்பா.

தானியக் குவியலொன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியிடம் கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. குத்பாக்களில் பல தடவை கேட்ட செய்திதான். வாப்பாவின் சட்டியில் அதைச் சின்ன வயதிலேயே பார்த்திருந்தும், குளிரூட்டிய அறையில் தேநீர் குடித்துக்கொண்டு நான் மறந்துபோனேன்.

இப்போது டயர் வாங்குமுன் அந்த நான்கு இலக்கங்களை நானே வாசிக்கிறேன். சில்லை உயர்த்தி ஆட்டிக் காட்டும்படி கேட்கிறேன். முன்னர், பின்னர் என்று இரண்டு அளவுகளும் உள்ள தாளை வாங்காமல் வருவதில்லை. மாதமொரு தடவை டயரின் உட்புற விளிம்பைக் கையால் தடவிப் பார்க்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நமக்கு இருக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதை அறிந்தவர் குறைவு. நானும் அந்த இலக்கத்தை அழைக்கவில்லை. பழைய மாணவனின் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அது சரியா என்று இன்னும் எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அன்று வேலை முடிந்ததும், நான் கேட்காமலே அந்தப் பையன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினான். முதல் அளவு சிவப்பில் இருந்தது. அண்ணையின் நூல் கொஞ்சம் பிசகியிருந்தது. பின்னர் எடுத்த அளவு பச்சை. இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டி, "பாருங்க சேர்" என்றான்.

அடுத்த பெருநாளுக்கு உம்மாவோடு புத்தளம் போனோம். நொச்சியாகம தாண்டும்போது உம்மா நித்திரை. கார் சத்தமில்லாமல் ஓடியது.